பொஸ்டனில் நான்கு நாள்

வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்த நானும் நண்பனும் ஒரே அறையில் இருந்தோம். இருவருமாகப் பொஸ்டனை நான்கு நாளில் பார்க்க நான்தான் திட்டம் எழுதினேன். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நூலகப் புத்தகத்தை அகராதியோடு வாசித்து, எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நடப்பது என்பதுவரை கொப்பியில் எழுதினேன். பொஸ்டன் போக எனக்கு விசா கிடைக்கும்வரை பொறுப்பதாக அவன் சொல்லியிருந்தான்.

அந்த வருட லீவுக்கு, கேரம் டவுன்ஸ் கோயிலில் நேர்த்திக்கடன் இருக்கு என்று மெல்பேர்ண் புறப்பட்டான். என் விசாவுக்கும் ஒரு அர்ச்சனை செய்யச் சொன்னேன்.

திரும்பி வந்து சாப்பிடும்போது வாய்தவறிச் சொல்லிவிட்டான். "மூன்றாம் நாள் பிழையாப் போட்டிட்டாய் மச்சான். நீ எழுதின அந்தப் பழைய மரக்கப்பல் திங்கட்கிழமை பூட்டு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் சோற்றைப் பிசைந்தபடி இருந்தான். "கனடாவில இருக்கிற என்ர அண்ணர் பொஸ்டனுக்கு ரிக்கெற் போட்டுத் தந்திட்டார். உன்ர கொப்பியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய், அதைப் பார்த்துத்தான் சுத்தினனாங்கள். எழுதினவன் கெட்டிக்காரன் எண்டு அவரும் சொன்னவர்."

அர்ச்சனை இல்லாமலே அடுத்த மாதம் விசா வந்தது. அவனிடம் சொல்லவில்லை. கொப்பியை அவன் கட்டிலில் வைத்துவிட்டு, மில்டூராத் தோட்டத்தில் திராட்சை பிடுங்கும் வேலைக்குப் பஸ் ஏறினேன்.