தங்கை கல்யாணத்தன்று வந்த பரிசோதகர்

ஈட்டி எறிந்து நாடு நாடாகச் சுற்றியவள் என்று உறவில் என்னைப் பெருமையாகச் சொல்வார்கள். சுற்றியது உண்மைதான். ஆனால் அந்த வருஷங்களில் நான் எந்த நாளில் எங்கே இருப்பேன் என்பதை ஊக்கமருந்துப் பரிசோதனைக்காரர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தினமும் ஒரு மணி நேரம், சொன்ன இடத்தில் இருந்தே தீர வேண்டும். எந்த நாளில் வருவார்கள் என்று தெரியாது. ஒரே வருஷத்தில் மூன்று முறை ஆள் அகப்படவில்லை என்றால் தடை. எனக்கு அதில் இரண்டு ஆகிவிட்டிருந்தது. இரண்டாவது முறை எங்கள் பொழிச்சலூர் வீட்டு வாசலில் காலிங் பெல் ரிப்பேராகிக் கிடந்தது. நான் உள்ளேதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு காலையில் பால் வாங்கக்கூடக் கீழே இறங்குவதில்லை. ஹாலில் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பேன்.

தங்கையின் கல்யாணத்துக்குக் குரோம்பேட்டையில் ஒரு சர்ச்சில் ஏற்பாடு செய்திருந்தோம். அன்று விடிந்ததும் மணி அடித்தது. மேக்கப் போடுகிற பெண் என்று நினைத்துச் சித்தி கதவைத் திறந்தாள். நடுவயதுப் பெண்மணி ஒருவர், கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஒரு பெட்டியுமாக நின்றார்.

“சிறுநீர் சாம்பிள் எடுக்கணும்மா.”

“மேடம், இப்பத்தான் பாத்ரூம் போயிட்டு வந்தேன்.”

“பரவால்ல. வெயிட் பண்றேன்.”

சாம்பிள் கொடுக்கும்வரை அவர் கண்ணைவிட்டு நான் விலகக் கூடாது. புடவை கட்டும்போதும் அவர் அறைக்குள்ளேயே நின்றார். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தேன். “ரொம்பக் குடிக்காதீங்க. தண்ணியா இருந்துச்சுன்னா திரும்ப எடுக்கணும்” என்றார். வீட்டில் இருந்ததே ஒரு பாத்ரூம். அதற்குள் நாங்கள் இரண்டு பேரும் நிற்க, வெளியே மாமா கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு வரவில்லை. இரண்டு முறை போய்ப் பார்த்தும் அதே கதைதான்.

வேன் வந்துவிட்டது. வெள்ளைப் புடவையும் தலையிலிருந்து தரைவரை தொங்கும் நெட்டுமாகத் தங்கை வாசலில் நின்றாள். “அக்கா, நீ வரலையா?”

அம்மா அந்தப் பெண்மணியிடம் போனாள். “நாங்க எங்கயும் ஓடிப்போயிட மாட்டோம்மா. சாயங்காலம் வாங்களேன்.”

“நான் இப்பக் கிளம்பினா உங்க பொண்ணு சாம்பிள் தர மறுத்துட்டான்னு ஆயிடும்மா.”

மறுத்தால் பல வருஷத் தடை. அம்மாவுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே யாருக்கோ போன் செய்தார். தலைக்கு மேல் விமானம் இறங்கிய சத்தத்தில் சொன்னதையே மறுபடி சொன்னார். பிறகு என்னிடம், “நானும் கூட வரேன். என் பார்வையிலேயே இருக்கணும், சரியா?” என்றார்.

வேனில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னை ஒட்டி உட்கார்ந்தார். “யாரும்மா இவங்க, மாப்பிள்ளை வீடா?” என்று பெரியம்மா கேட்டாள்.

“இவளோட டிரெய்னிங் கேம்ப் மேடம்” என்றாள் அம்மா. அவர் மறுக்கவில்லை.

சர்ச்சில் தங்கைக்குப் பின்னால் நெட்டைப் பிடித்தபடி நின்றேன். முதல் பெஞ்சின் ஓரத்தில் அவர். சுருக்கமாகப் பேசுகிறேன் என்று ஆயர் பிரசங்கத்தை ஆரம்பித்ததும்தான் குடித்த தண்ணீரெல்லாம் வேலையைக் காட்டியது. நகர வழியில்லை. அத்தனை பேர் பார்க்க, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் நீர் முட்டியது. பெரிய போட்டிகளில் கடைசி எறிதலுக்குக் காத்திருந்தபோதுகூட அப்படித் தவித்ததில்லை. தாலி ஏறியதும் அவரைப் பார்த்தேன். புரிந்துகொண்டு பெட்டியோடு எழுந்தார்.

சர்ச் ஹாலின் பின்பக்கக் கழிவறையில் பட்டுப்புடவையை நெஞ்சுவரை சுருட்டிப் பிடித்துக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அதுதான் விதி. பாட்டில்களுக்கு என் கையாலேயே சீல் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது குடும்ப போட்டோ எடுத்து முடித்திருந்தார்கள்.

“உங்க போட்டோவக் கெடுத்துட்டேன்” என்றார்.

“நீங்க இல்லன்னா வேற ஒருத்தர் வந்திருப்பாங்க மேடம்.”

அம்மா சாப்பிடச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினாள். பரிசோதனைக்கு வந்த இடத்தில் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார்.

சாம்பிளில் ஒரு குறையும் இல்லை. அடுத்த மாதமே வெளிநாட்டுப் போட்டிக்குக் கிளம்பினேன். கிளம்பும் முன் தங்கை போனில் சிரித்துக்கொண்டே சொன்னாள். “சின்னவளுக்கு முதல்ல முடிஞ்சிடுச்சேன்னு நீ அழுதியாம். எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிறாங்க.”

பெரியம்மா அதை நம்பி எனக்கு ஒரு வரன் கொண்டுவந்தாள். மேடவாக்கத்துப் பையன், நல்ல வேலை. “கல்யாணத்துக்கப்புறம் இந்த ஈட்டியெல்லாம் விட்டுடுவீங்கல்ல?” என்று அவன் அம்மா கேட்டார். விட மாட்டேன் என்றேன். அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. முழங்கை முழுசாகப் பழுதாகும்வரை எறிந்தேன்.