வளையல் ஏறாத கை

நான் நர்ஸிங் பள்ளி ஆசிரியை. வியாழன்தோறும் சென்னீர்குப்பத்தில், சுகாதார நிலையத்தோடு சேர்ந்து நாங்கள் நடத்தும் முகாமில் மாணவிகள் கர்ப்பிணிகளைப் பரிசோதிப்பார்கள். அட்டையில் நான் கையெழுத்துப் போடுவேன்.

அன்று எல்லா அட்டையிலும் பி.பி. 120/80 என்றே இருந்தது. யோசிக்காமல் கையெழுத்திட்டேன்.

பள்ளி வேனில் ஏறப் போகும்போது நிறைமாதக்காரி செல்வி பின்னாலேயே வந்தாள்.

"டீச்சரம்மா, நாளிக்கி வளகாப்பு. வாங்கினு வந்த வளையலு கைல ஏறவே மாட்டேங்குது. தலைவலி வேற கீது."

நானே பி.பி. பார்த்தேன். 180/110. கை வீக்கமும் தலைவலியும் அதன் அறிகுறிதான்; இரண்டு உயிருக்கும் ஆபத்து.

"கூட்டமா இருந்துச்சு மிஸ், அளக்காமயே எழுதிட்டேன்" என்று ஒரு மாணவி அழுதாள்.

மாணவிகளை பஸ்ஸில் திரும்பச் சொல்லிவிட்டு, செல்வியை வேனிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அன்றே ஆபரேஷன். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

மறுநாள் பள்ளி முதல்வர், "நீங்க டீச்சரா, நர்ஸா? வேன் ஸ்டூடண்ட்ஸுக்குத்தான்" என்று விளக்கம் கேட்டார்.

'அளந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் தப்பு. வேனை எடுத்தது தப்பில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்போதெல்லாம் ஒவ்வொருத்திக்கும் நானே ஒரு தடவை பி.பி. பார்த்த பிறகுதான் கையெழுத்து. வேன் தாமதமாகிறது என்று மெமோ வருகிறது. வரட்டும். அதை மட்டும் படிக்காமலே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.