பொத்தான் துளை போட்ட வேட்டி

அக்கா பிறந்தது புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். வளர்ந்தது மலாக்கா டவுனில், காஜா பேராங்கில். வாழ்ந்து முடித்தது செங் வட்டாரத்தில், மூத்த மகள் வீட்டில். மூன்றையும் காரில் சுற்றி வந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. இவ்வளவு சின்ன இடத்துக்குள் அத்தனை பெரிய வாழ்க்கையை அவர் எப்படி மடித்து வைத்தார் என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

நினைவு மலருக்கு எழுதச் சொன்னபோது, அக்காவின் பொறுமையைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள் பிள்ளைகள். அக்காவுக்குப் பொறுமை என்பதே கிடையாது. சோறு வேகும்வரை அடுப்படியில் நிற்கமாட்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே நம் வாக்கியத்தை அவரே முடித்துவிடுவார். ஆனால் கையில் ஊசி வந்துவிட்டால் அவர் வேறு ஆள். அந்த வேறு ஆளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எங்கள் அப்பா டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். ஜப்பான் சண்டை வருவதற்கு முந்தைய ஆண்டு, கடையில் மீந்துபோன ஒரு பேட்டர்ன் உறையை அக்காவுக்கென்று கொண்டுவந்தார். உறையின்மேல் ஒரு பெண்ணின் படம். சட்டைக் கழுத்து, இடுப்பில் பெல்ட், கழுத்திலிருந்து விளிம்புவரை பொத்தான், கீழே விரிந்த கவுன். உள்ளே, துணிமேல் வைத்து அளவு பார்த்து வெட்ட, பழுப்பு நிறத்தில் மெல்லிய காகிதங்கள். “தீபாவளிக்குத் துணி எடுத்துத் தரேன் பெரியவளே, நீயே தச்சுக்க” என்றார் அப்பா. அந்தத் தீபாவளி எங்களுக்கு வரவேயில்லை. ஜப்பான்காரர்கள் வந்தார்கள். கடை மூடியது. பிறகு ஒரு நாள் காலையில் அப்பாவை சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அம்மா, பதினேழு வயது அக்கா, பதினைந்து வயது நான். வீட்டில் மூன்று பேர். மரவள்ளிக் கிழங்கு மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

பகலில் அக்கா அந்தக் காகிதங்களை எடுத்துப் பார்ப்பார். ஒரு மத்தியானம் அவற்றைக் குண்டூசியால் ஒன்றோடொன்று சேர்த்து, பாவாடைக்கு மேல் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தார். மூச்சை இழுத்துவிட்டால் கிழிந்துவிடும் என்பதால் மிக மெதுவாக நடந்தார். காய்ந்த வாழைச் சருகுபோல் மெல்லிய சத்தம் கேட்டது. ஜன்னல் வெளிச்சம் காகிதத்தைத் துளைத்து வந்ததில் அக்கா முழுக்கத் தேன் நிறமாக இருந்தார். எனக்குப் பசிகூட அந்த நேரம் மறந்துபோயிற்று. அது உண்மையில் நடந்ததா, நான் கண்ட கனவா என்று பின்னாளில் அக்காவிடமே கேட்டிருக்கிறேன். “கனவுல உனக்கு எதுக்குடி குண்டூசி குத்துச்சு?” என்று சிரிப்பார். ஊசிகளைப் பொறுக்கிக் கொடுத்தது நான்தான்.

பிறகு டவுனில் ஒரு மருந்தகத்தில் அக்காவுக்கு வேலை கிடைத்தது. நோயாளிகளுக்குச் சீட்டு எழுத வேண்டும். சம்பளத்தோடு அரிசியும் கொடுப்பார்கள். அரிசி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா உட்கார்ந்துவிட்டார். ஆனால் அங்கிருந்த தலைமைத் தாதி அக்காவை ஏற இறங்கப் பார்த்து, “திங்கக்கிழமை வா. இந்தப் பாவாடையோட மட்டும் வந்துடாத” என்று சொல்லியிருந்தார். அக்காவின் இரண்டு பாவாடைகளிலும் துணியைவிட ஒட்டுதான் அதிகம். கடைகளில் துணி என்பதே கிடையாது.

வீட்டில் கிழியாத துணி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அப்பா தீபாவளிக்கென்று வாங்கிவைத்துக் கட்டாமலே போன எட்டு முழ வேட்டி. பச்சைக் கரை போட்டது. அம்மா அதைத் தலையணை உறைக்குள் வைத்துப் பெட்டியின் அடியில் பத்திரப்படுத்தியிருந்தார்.

“அத வெட்டினா அவரு வரமாட்டாருன்னு நானே சொன்னாப்புல ஆயிடும்” என்றார் அம்மா. “வந்து நின்னா எதடி கட்டுவாரு?”

அக்கா அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, “ஒரு நூலுகூட வீசமாட்டேன்மா. அப்பா வந்த மறுநாளே பிரிச்சு, திரும்ப வேட்டியாக்கிக் கொடுத்துர்றேன். என்மேல ஆணை” என்றார்.

அந்த ஆணையை வைத்துத்தான் கவுன் தைக்கப்பட்டது. மெஷின் தையல் பிரிக்கும்போது துணியைக் கெடுக்கும் என்று எல்லாமே கைத்தையல். அதுவும் இழுத்தால் உருவிவரும் நீளத் தையல். கிழிந்த போர்வையிலிருந்து உருவிய நூல். கரையில் கத்தரி படக்கூடாது என்பதற்காக, இரண்டு முன்பக்கத் துண்டுகளையும் இரு கரையோரமாக வைத்து வெட்டினார். அதனால் கழுத்திலிருந்து கால்வரை பொத்தான் வரிசையின் இருபுறமும் பச்சைக் கோடு இறங்கியது. மொத்தம் பதினான்கு துண்டுகள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் எண் போட்டார். கை வளைவில் வெட்டிய பிறைத் துண்டுகளைக்கூட ஒரு சுருக்குப் பையில் போட்டு அம்மாவிடம் எண்ணிக் கொடுத்தார். தேங்காய் ஓட்டைக் கல்லில் தேய்த்து ஒன்பது பொத்தான்கள் செய்தோம். என் கட்டைவிரலில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது.

புதுத் துணிக்கு மஞ்சள் வைக்க வேண்டுமே என்று அக்கா கவுனை நீட்டினார். அம்மா மஞ்சளைத் தொடவில்லை. “இது புதுத் துணி இல்ல, அவரு வேட்டி. அவரு கட்டுறப்ப வெக்கிறேன்.” அக்காவின் முகம் சட்டென்று வாடியதை நான் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை அக்கா தெருவில் இறங்கினார். படத்திலிருந்த பெண்ணே உயிர்பெற்று நடப்பது போலிருந்தது எனக்கு. பக்கத்து வீட்டு அத்தை, பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வேரூன்றிய செட்டி வம்சம்; தமிழ் வராது, மலாய்தான். அவர் வாசலுக்கு ஓடிவந்து “சந்தேக், சந்தேக்!” என்று அழகைக் கொண்டாடிவிட்டு, பொத்தானைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். “ஐயோ, இனி பாஜு லெலாகி லா!”

இது ஆண்பிள்ளைச் சட்டையாம். பேட்டர்னோடு வந்த குறிப்புத் தாளைப் பூச்சி அரித்துவிட்டது. எங்கள் ரவிக்கைகளில் கொக்கிதான் உண்டு. வீட்டில் பொத்தான் வைத்த உடுப்பு என்றால் அப்பாவின் சட்டை ஒன்றுதான். அதைப் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு அக்கா துளை போட்டிருந்தார். எல்லாத் துளையும் ஆண்கள் பக்கம், இடப்புறம்! பெண்கள் உடுப்பில் துளை வலப்புறம் வரவேண்டும். திருத்த நேரமில்லை. அக்கா தலையை நிமிர்த்திக்கொண்டு அப்படியே வேலைக்குப் போனார். சண்டை முடியும்வரை வாரத்துக்கு ஆறு நாள் அதையேதான் போட்டார். தினமும் மாலையில் துவைத்துக் காயப்போடுவார். அந்த அரிசியில்தான் நாங்கள் பிழைத்தோம்.

சண்டை முடிந்து சில மாதங்கள் கழித்து ஒரு நண்பகலில் அப்பா நடந்தே வந்தார். பாதி உடம்புதான் வந்திருந்தது. அம்மா அழவில்லை, சோறு வடித்தார். மறுநாள் விடிந்ததும் அக்கா கவுனைக் கழற்றி மடியில் போட்டுப் பிரிக்க ஆரம்பித்தார்.

“வேணாம்க்கா. அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது” என்றேன்.

“அம்மாவுக்குத் தெரியுமில்ல” என்றார். கண்ணீர் துணியில் சொட்டிக்கொண்டே இருந்தது. அவருக்கு அந்தக் கவுன்மேல் எவ்வளவு ஆசை என்பதை அன்றுதான் முழுதாக அறிந்தேன்.

மாலைக்குள் வேட்டி தயாராகிவிட்டது. எண் பார்த்துச் சேர்த்து, பிறைகளை அதனதன் இடத்தில் பொருத்தி, எட்டு முழமும் திரும்ப வந்தது. ஒன்பது துளைகளை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அம்மா மஞ்சள் வைத்துக் கொடுத்தார். அப்பா கட்டிக்கொண்டு குனிந்து பொத்தான் துளைகளைப் பார்த்தார். முந்தின நாள் அக்கா உடுத்தியிருந்ததை அவர் மறக்கவில்லை.

“ஏம்மா பெரியவளே, இது என் வேட்டியா, உன் கவுனா?”

எல்லாவற்றையும் அம்மாதான் சொன்னார். அப்பா அக்காவின் தலையில் கைவைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

அக்காவின் திருமணத்துக்கு அப்பாவுக்குப் பட்டு வேட்டி வாங்கியிருந்தோம். அவர் இதைத்தான் கட்டினார். துளைகளை இடுப்பில் செருகி மறைத்திருக்கலாம். வேண்டுமென்றே கணுக்காலருகே தெரியும்படி கட்டினார். மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். தலைகுனிந்து மணையில் இருந்த அக்காவின் கண்ணுக்கு நேரே அந்தத் துளைகள்! தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண் களுக்கென்று சிரித்துவிட்டதை வயதான உறவினர்கள் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். காரணம் இதுதான்.

அப்பா மறையும் முன் அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: “அத என்னோட அனுப்பிராத. நான் உங்கிட்ட இரவல் வாங்கினது.”

அதன்பின் அக்கா இரண்டு பெண்களை வளர்த்தார். அத்தானை நடுவயதில் இழந்தார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளைத் தைத்தே குடும்பத்தை நிமிர்த்தினார். அந்தக் கவுனைத் திரும்பத் தைத்துக்கொள்ளேன் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். “வேலை இல்லாதவ பேச்சு” என்று எரிந்து விழுவார்.

அக்கா படுக்கையில் இருந்த மூன்று வாரமும் கண்ணிமைபோல் காத்த மகள்களுக்கும் மருமகன்களுக்கும், நேரம் பாராமல் வந்த மருத்துவருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், மழையிலும் வந்து தோள் கொடுத்த காஜா பேராங், புக்கிட் ரம்பாய் உறவுகளுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அக்காவைக் குளிப்பாட்டி உடுத்திய பெண்களுக்குத் தனியாக என் நன்றி. சேலை எடுக்க அலமாரியைத் திறந்தவர்கள் அவர்கள்தான். அடித்தட்டில் அம்மாவின் பழைய தலையணை உறை இருந்தது. உள்ளே வேட்டி இல்லை. கவுன் இருந்தது.

“போன வருசம் பூரா வெள்ள நூலு கோத்துக் கொடுன்னு அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க, சின்னம்மா” என்றாள் மூத்தவள். “எதுக்குன்னு நான் கேக்கல.”

பதினான்கு துண்டுகள், அதே நீளத் தையல், அதே தேங்காய் ஓட்டுப் பொத்தான்கள். வேட்டிக்கு உள்புறம் வெளிப்புறம் என்று பேதம் கிடையாது அல்லவா? முன்துண்டுகள் இரண்டையும் புரட்டி வைத்துத் தைத்திருந்தார். துளைகள் வலப்பக்கம் வந்திருந்தன. கழுத்தின் உள்பக்கம், யாரும் வைக்காத அந்த மஞ்சளைத் தானே ஒரு பொட்டாக வைத்திருந்தார்.

அப்பா தன்னோடு அனுப்ப வேண்டாம் என்ற துணியை அக்காவோடு அனுப்பினோம். சேலைக்கு மேல் விரித்து, ஒன்பது பொத்தான்களையும் நானே ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன்.