காப்பித்தூள் டப்பாவின் கரகரப்பு

வங்காளத்தில் லேக் கார்டன்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பாகீரதியின் பேரைச் சொன்னால், "அந்தக் கோபக்காரியா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தப் பேர் அவளுக்கு வந்தது எழுபத்து நான்காம் வருஷத்து நவராத்திரியில். நடந்ததை முழுக்கக் கேட்டவர்களுக்கு, அவள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கோபப்பட்டிருக்கலாம் என்று தோன்றும்.

பள்ளிக்கூடம் முடித்ததும் பாலிடெக்னிக்கில் ரேடியோ படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள். அப்பா பாங்கில் வேலை பார்த்தவர். "பொண்ணுக்கு எதுக்குடி ஸ்க்ரூ டிரைவர்?" என்று சொல்லி டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்த்துவிட்டார். பாலிகஞ்சில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. பகலெல்லாம் பிறத்தியார் கடிதங்களைத் தட்டினாள். சனிக்கிழமை மத்தியானம் சாந்தினி சந்தையில் சின்னச் சின்ன சாமான்கள் வாங்கி வந்து சமையலறை மூலையில் ஈயம் உருக்கினாள். அக்கம்பக்கத்து ரேடியோக்கள் ஊமையாக வந்து பாடிக்கொண்டு திரும்பிப் போயின. எடுத்துக்கொண்டு போகிறவர்கள், "பாகி நன்னா வெளையாடறா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். ரிப்பேர் செய்தது விளையாட்டாம். அப்போதே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவளுடைய அக்கா சாவித்திரி தமிழ்ச் சங்கத்தின் கொலுவில் வருஷாவருஷம் விஜயதசமியன்று பாடுகிறவள். தொண்டையில் ஆபரேஷன் ஆன பிறகு அவள் குரலில் சுருதி இருந்தது, பாவம் இருந்தது, சத்தம் மட்டும் போய்விட்டது. சங்கத்துப் பழைய ஆம்ப்ளிஃபையரைக் கடைசி வரை திருப்பினாலும் அந்தக் குரல் நாலாவது வரிசையைத் தாண்டவில்லை. பக்கத்து துர்கா பூஜைப் பந்தலில் டாக் மேளம் அடிக்கத் தொடங்கினால் முதல் வரிசைக்கே எட்டாது. சங்கத்தின் செயலாளர் வெங்கடராமன், "பாவம், ரெஸ்ட் எடுத்துக்கட்டும்" என்று இரண்டு வருஷமாக அவளைக் கூப்பிடாமலே இருந்தார். சாவித்திரி வீட்டில் பிரஷர் குக்கர் இரைகிற நேரம் பார்த்துத்தான் பாடுவாள், யார் காதிலும் விழ வேண்டாம் என்று.

அந்தக் குக்கர் பாட்டுத்தான் பாகீரதியை உட்கார விடவில்லை. மைக்கில் விழுகிற மெல்லிய குரலை முதலில் கொஞ்சம் பெருக்கி, பிறகு பெரிய ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிற ஒரு சின்னக் கருவியைச் செய்தாள். ப்ரீ ஆம்ப்ளிஃபையர் என்று அதற்குப் பேர். உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், ஒரு பாட்டரி, கொஞ்சம் உதிரி சாமான். வெளியிலிருந்து மின்சார இரைச்சல் புகாமல் இருக்கத் தகரப் பெட்டி வேண்டுமே. அதற்கு வீட்டுக் காப்பித்தூள் டப்பா. டப்பாவின் மூடி நடுவில் ஒரு துளை போட்டு, மைக் ஒயரைச் செருகுவதற்கான சாக்கெட்டை வானம் பார்த்த மாதிரி பொருத்தினாள்.

அஷ்டமியன்று சாயங்காலம் சங்கத்துக் கூடத்தில் வைத்துச் சோதித்தார்கள். சாவித்திரி ஒரு அடி பாடினாள். கடைசி வரிசையில் மடக்கு நாற்காலி விரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"பரவாயில்லையே" என்றார் வெங்கடராமன். "அப்போ தசமிக்குப் பாடட்டும்."

அன்று வீட்டில் சாவித்திரி குக்கர் அடுப்பை அணைத்துவிட்டுப் பாடினாள்.

மறுநாள் நவமி, சரஸ்வதி பூஜை. சங்கத்தின் வீணை, சுருதிப்பெட்டி, புத்தகங்கள், ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் கொலுப்படிக்குப் பக்கத்தில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துப் பூஜை செய்வார்கள். காப்பி டப்பாவும் அந்த வரிசையில் போய் உட்கார்ந்தது. பூஜையில் வைத்தவற்றை அன்று யாரும் எடுத்து உபயோகிக்கக் கூடாது. மறுநாள் காலை புனர்பூஜை ஆன பிறகுதான் கையில் எடுக்க வேண்டும். இது வெங்கடராமனே வருஷாவருஷம் எல்லோருக்கும் எடுத்துச் சொல்கிற விதி.

சாயங்காலம் அவருடைய ஆபீஸ் மேலதிகாரி சாட்டர்ஜி கொலு பார்க்க வந்தார். "எங்கள் சரஸ்வதி குளிர்காலத்தில்தான் வருவாள், உங்களுடையவள் இப்போதே வந்துவிட்டாளா?" என்று வங்காளியில் வேடிக்கையாகக் கேட்டார். வெங்கடராமனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சங்கத்தின் புது மெஷினைக் காட்டாமல் இருக்க முடியவில்லை. விதி கிதி எல்லாம் மறந்து மைக்கைச் செருகி சுவிட்சைப் போட்டார்.

எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி கூடமே படபடவென்று பொரிந்தது. நடுவில் அவர் பேசிய "வெல்கம்" எங்கேயோ கிணற்றுக்குள் கேட்டது. சாட்டர்ஜி காதைப் பொத்திக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

வெங்கடராமன் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பது பேர் முன்னால் பாகீரதியைப் பார்த்து, "காப்பி டப்பால காப்பிதான் போடணும். பொம்மனாட்டி ஒயரைத் தொட்டா இப்படித்தான் மானம் போகும்" என்றார். "நாளைக்குச் சாவித்திரி பாட்டு வேண்டாம்."

பாகீரதி கொலுவருகே போய் டப்பாவில் கை வைத்தாள். "என்னன்னு பார்த்துடறேன் மாமா."

"தொடாதே. பூஜையில வச்சதைத் தொடப்படாது."

"இப்போ நீங்க தொட்டேளே."

"நான் சுவிட்சைத்தானே போட்டேன்."

சுவிட்சைப் போடுவது தொடுவது ஆகாதாம். திறந்து பார்ப்பது மட்டும் பாவமாம். பாகீரதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அதைவிட எரிச்சல், வீட்டுக்கு நடக்கிற வழியில் தனக்கே சந்தேகம் வந்ததுதான். எந்த இடத்தில் ஈயம் சரியாகப் பிடிக்காமல் விட்டோம் என்று மனசு ஒவ்வொரு இணைப்பாகத் தடவிக்கொண்டே வந்தது. ஒருத்தர் சத்தமாகச் சொல்லிவிட்டால் செய்தவளுக்கே தன் வேலை மேல் நம்பிக்கை போய்விடுகிறது, பாருங்கள்.

"விடு பாகி" என்றாள் சாவித்திரி. "எனக்குக் குக்கர் போறும்."

"வாயை மூடு அக்கா" என்றாள் பாகீரதி.

விஜயதசமி காலையில் புனர்பூஜைக் கற்பூரம் அணைந்த கையோடு டப்பாவையும் ஆம்ப்ளிஃபையரையும் எடுத்துக்கொண்டு மேடையோரத்து மேஜைக்கு வந்துவிட்டாள். கச்சேரிக்கு ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டுக் கேட்க வந்த கூட்டத்திடம் பாட்டு இல்லை என்று சொல்ல முடியாமல் வெங்கடராமன் கொஞ்சம் இறங்கி வந்து, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "மைக் சரியா இருந்தா பாட்டு. இல்லேன்னா நேரா சுண்டல்."

முதலில் தன் மேல் இருந்த சந்தேகத்தைத்தான் தீர்த்துக்கொண்டாள். டப்பாவைத் திறந்து எல்லா இணைப்பையும் மறுபடி சூடு காட்டி ஈயம் வைத்தாள். கரகரப்பு போகவில்லை. புது பாட்டரி போட்டாள். அப்போதும் பொரிந்தது. பக்கத்தில் நின்ற ஒரு மாமி, "ஏண்டி, மாட்டுப்பொண்ணாப் போற வயசுல" என்று ஆரம்பித்தாள். பாகீரதி பார்த்த பார்வையில் மாமி சுண்டலைக் கவனிக்கப் போனாள்.

ரேடியோவில் கோளாறு எங்கே என்று எப்படிப் பார்ப்பாள்? ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக வருவாள். கோபத்தில் அதை மறந்துபோயிருந்தாள். இப்போது இரண்டாவது டிரான்சிஸ்டரின் காலை விரலால் தொட்டாள். ஸ்பீக்கரில் "உம்" என்று சுத்தமாக இரைந்தது. அந்த இடம் சரி. முதல் டிரான்சிஸ்டரைத் தொட்டாள். இன்னும் பெரிய "உம்". அதுவும் சரி. அப்படியானால் அவள் செய்த பெருக்கி முழுக்கச் சரி. மூடியிலிருந்த சாக்கெட்டின் நடு முனையைத் தொட்டாள். "உம்" இல்லை. கடுகு வெடித்தது.

மூடியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். சாக்கெட் வாயில் ஏதோ வெளிறிய மஞ்சளாக அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

சந்தனம்.

மூடியின் நடுவில் வட்டமாக ஒரு துளை இருந்தால், பொட்டு வைக்கிற கை நேரே அங்கேதானே போகும். விரல் நிறையக் குழைத்த ஈரச் சந்தனத்தை அதற்குள் அப்பியிருந்தது யாராக இருக்கும்? நேற்று எல்லாப் பொருளுக்கும் தன் கையாலேயே பொட்டு வைத்தவர் வெங்கடராமன்தான். அந்த ஈரம் சாக்கெட்டின் நடு முனையையும் ஓரத்துத் தகரத்தையும் சேர்த்துவிட்டது. மைக்கிலிருந்து வந்த சன்னக் குரல் பாதி வழியிலேயே சந்தனத்துக்குள் வடிந்து போனது.

தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிச் சந்தனத்தைச் சுரண்டினாள். மிச்சத்தைத் துடைக்க, சாவித்திரி தலைவலிக்கென்று பையில் வைத்திருந்த ஓடிகொலோனைப் பஞ்சில் நனைத்துக் கொடுத்தாள். மணம் கமழும் ஹேர்பின்னை வெங்கடராமன் மூக்குக்கு நேரே நீட்டினாள் பாகீரதி.

"உங்க சந்தனம், மாமா. சாக்கெட்டுக்குள்ள இருந்தது."

அவர் பின்வாங்கினார். "அபச்சாரமாப் பேசாதே. சந்தனம் பட்டு எந்த மெஷின் கெட்டுது? எங்க ஆபீஸ்ல டைப்ரைட்டருக்கே வைக்கறோம்."

"மறுநாள் அதை யார் ஒக்காந்து தொடைக்கறான்னு உங்க டைப்பிஸ்டைக் கேட்டுப் பாருங்கோ" என்றாள் பாகீரதி.

சாவித்திரி பாடினாள். பந்தலில் டாக் அடித்துக்கொண்டேதான் இருந்தது. அதற்கு மேலே அந்தக் குரல் சின்னதாகவே, ஆனால் ஒரு எழுத்துக்கூட விழாமல் கடைசி வரிசை வரை போயிற்று. அவள் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. பாகீரதி மேஜையருகே நின்று டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்ததை யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான்.

பாட்டு முடிந்ததும் வெங்கடராமன் மேடையேறி, சாவித்திரிக்கு முன்னால் இருந்த மைக்குக்குக் குனிந்தார். "நேத்து கொஞ்சம் மக்கர் பண்ணித்து. அம்பாள் கிருபையில இன்னிக்குத் தானாவே சரியாயிடுத்து."

தானாகவே. "தானா ஆகலை மாமா" என்று பாகீரதி மேஜையிலிருந்து சொன்னாள். அவளிடம் மைக் இல்லை. கைதட்டலில் அது யாருக்கும் கேட்கவில்லை.

சாவித்திரிக்குக் கேட்டது. அவள் எழுந்திருக்காமல் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "சாக்கெட்டுக்குள்ள மாமா சந்தனம் வச்சுட்டார். என் தங்கை அதைக் கண்டுபிடிச்சு ஹேர்பின்னால எடுத்தா. மெஷினைப் பண்ணினதும் அவதான்."

அந்த மெல்லிய குரல் கூடத்தைத் தாண்டி, வாசல் ஸ்பீக்கர் வழியாகத் தெருவுக்கும் போயிற்று.

கூட்டம் கலைகிறபோது வெங்கடராமன் பாகீரதியிடம் வந்தார். முகம் சிவந்திருந்தது. "சின்ன விஷயம். இதைப் போய் எல்லார் முன்னாலயும் சொல்லணுமா?"

பாகீரதி ஒயரைச் சுற்றிக்கொண்டே நிமிர்ந்தாள். "நேத்து நீங்க எல்லார் முன்னாலயும்தானே சொன்னேள்."

அன்றைக்கு வந்த பேர்தான் கோபக்காரி.