பெருநாள் மருதாணி

மருதாணி அரைக்கும் பச்சை வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தாலும் எனக்கு இன்றும் காது வாசல் பக்கம் போய்விடும். காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த கடைசி வருடங்கள் அவை. எங்கள் தெருப் பிள்ளைகள் சிலர் "சொல்தா"வாகப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் சண்டைக்குக் கப்பல் ஏறியிருந்தார்கள். அவர்களில் என் அக்கா ஜொகரா லாத்தாவின் புருஷன் காதர் மச்சானும் ஒருவர். மீசை அப்போதுதான் கறுத்திருந்தது. எங்கள் வீட்டு மாப்பிள்ளையாக அவர் இருந்ததே ஒரு மழைக்காலந்தான். அதற்குள் எனக்குச் சீட்டியடிக்கக் கற்றுக்கொடுத்து, உம்மாவிடம் அடியும் வாங்க வைத்துவிட்டுப் போனார்.

பட்டாளத்துச் சாவுச் செய்தி கொண்டுவரும் நகரசபைச் சேவகரின் பூட்ஸ் சத்தம் கேட்டாலே தெரு நடுங்கும். அவர் ஒரு வீட்டில் நின்றால் அங்கே ஒரு பெண் "இத்தா" இருக்கப் போகிறாள் என்று அர்த்தம். புருஷன் இறந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்தி உள்ளறையில் இருக்கவேண்டும். பூ, அத்தர், மருதாணி எதுவும் கூடாது. பக்கத்து வீட்டு மாமி அப்படி உட்கார்ந்திருந்ததை எட்டிப் பார்த்துவிட்டு வந்து எனக்குக் காய்ச்சலே கண்டது. லாத்தாவையும் அடைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், அந்தச் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டும்வரை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே நிற்பேன்.

ஒரு நாள் காலை அது தாண்டவில்லை. சேவகர் தொப்பியைக் கழற்றினார். மச்சான் குண்டடிபட்டு இறந்து ஐந்து மாதம் ஆகிவிட்டதாம், அடக்கமும் அங்கேயே முடிந்ததாம், தகவல் இப்போதுதான் வந்ததாம்.

உம்மா அலறியபடியே வெள்ளைச் சேலை தேடினாள். வாப்பா பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூட்டிவந்தார். அவர் திரைக்கு வெளியே நின்று, "மவுத்தான நாள்லேருந்துதாம்மா இத்தா கணக்கு. அது முடிஞ்சு போச்சு. இனிமே நீங்க இருக்க வேண்டியதில்லெ" என்றார். அடைக்க மாட்டார்கள் என்றதும் எனக்குப் போன உயிர் திரும்பியது.

லாத்தா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் முன்பு பெருநாளுக்கு நான் அப்பிவிட்ட மருதாணி கையில் அழிந்து, நகநுனியில் மட்டும் பிறையாய் நின்றது.

"அப்ப பெருநாளைக்கு மருதாணி வச்சு, தலை நெறைய பூ வச்சு, ஊஞ்சல்ல ஆடிச் சிரிச்சனே, அதானா என் இத்தா?"

லாத்தா கொல்லைக்குப் போய்ச் செங்கல் துண்டால் நகங்களைத் தேய்த்தாள். ரத்தம் வந்த பிறகும் தேய்த்தாள். இத்தா அறையைவிட எனக்கு அதுதான் பயங்கரமாக இருந்தது. பிறகு தானே வெள்ளை உடுத்தி உள்ளறைக்குப் போனாள். வேண்டியதில்லை என்று எத்தனை பேர் சொல்லியும் அவள் வரவில்லை.

பிரெஞ்சுக் கொடியும் பூட்ஸ் சத்தமும் போய்விட்டன, லாத்தாவும் போய்விட்டாள். துபாயில் இருக்கும் என் பேரன் தினமும் சாயங்காலம் போனில் முகம் காட்டுகிறான். போன வாரம் ஒரு நாள், அவன் இன்னும் கூப்பிட்டிருக்கவில்லை, ஒரு கல்யாணத்துக்காகப் பேத்தி மருதாணிக் கோனை எடுத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"இரும்மா," என்றேன், "அவன் கூப்பிடட்டும்."