அப்பா திரும்பிப் பார்க்காத மூன்று நாட்கள்

பச்சைத் தென்னங்கீற்றை வெட்டிப் போட்ட கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து ஒரு வாசனை கிளம்பும். கல்யாணப் பந்தலில் எல்லாரும் அதை மூக்கு நிறைய இழுத்துக்கொள்வார்கள், எனக்கோ இன்றைக்கும் எழுந்து ஓடிவிடலாமா என்று கால் பரபரக்கும். அந்த வாசனைக்குள் பதினாறு நாள் உட்கார வைக்கப்பட்டவள் நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. காரைக்காலை ஒட்டிய மீனவர் குப்பம் எங்களுடையது. அப்பாவுக்கு நாலு பேரோடு பங்காகக் கட்டுமரம், அம்மாவுக்கு மீன்கூடை, ஒற்றைப் பிள்ளையான எனக்கு டவுனில் பள்ளிக்கூடம். பத்தாம் வகுப்பு வந்தும் நான் 'உட்காரவில்லை', அதாவது வயதுக்கு வரவில்லை. என் வயதுப் பெண்களெல்லாம் உட்கார்ந்து, ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடும் திரிந்ததைப் பார்த்து அம்மா வேண்டிக்கொள்ளாத சாமி இல்லை. கடைசியில் அத்தனை சாமியும் கூடி எனக்கு நாள் குறித்த அழகைச் சொல்ல வேண்டும்: அரசுத் தேர்வில் தமிழும் இங்கிலீஷும் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்த மத்தியானம்! ஒரு நாள் விட்டுக் கணக்கு, பிறகு அறிவியல், வரலாறு என்று இன்னும் மூன்று பாக்கி.

சாயங்காலத்துக்குள் தாய்மாமன் கீற்றும் வேப்பங்கொத்துமாக வந்து கொல்லையில் 'குச்சு' கட்டிவிட்டார். நிமிர்ந்து நிற்க முடியாத குடிசை. உள்ளே ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு, காத்துக்கருப்பு அண்டாமலிருக்கத் துருப்பிடித்த ஓர் அரிவாள்.

"பதினாறு நாளைக்கு இந்த எடத்த விட்டு அசையக் கூடாது. ஆம்பள மூஞ்சில முழிக்கக் கூடாது, பெத்த அப்பன்னாலும் சரி" என்றாள் அம்மா.

"பரீட்சைம்மா!" என்றேன்.

"பெரிய பரீட்சை! அடுத்த வருசம் எழுதிக்கிட்டாப் போச்சு."

அடுத்த வருஷமாம்! உட்கார்ந்த பெண் ஒருத்தியாவது மறுபடி புத்தகப் பையைத் தூக்கியதாக எங்கள் தெருவில் சரித்திரமே கிடையாது. இந்தப் பரீட்சை போனால் அதோடு பள்ளிக்கூடமும் போச்சு என்பது எனக்கு நன்றாகத் தெரியும். குச்சுக்குள் உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் புரண்டேன். கணக்குப் புத்தகத்தைக்கூட உள்ளே தர மறுத்துவிட்டாள் அம்மா.

வெளியே அப்பாவின் பாடும் அதேதான். வீட்டில் தீட்டு இருந்தால் ஆண்பிள்ளை கட்டுமரத்தில் கால் வைக்கக் கூடாது என்பது குப்பத்துக் கட்டு. ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் காய்ச்சல் வந்தவர் போலாகிவிடும் மனிதர், கரைக்குப் போவதும் கொல்லைக்கு வருவதுமாக அலைந்தார். அவர் காலடிச் சத்தத்தை எண்ணிக்கொண்டு நான் கிடந்தேன். மறுநாள் காலை, அம்மா கரையில் ஏலம் எடுத்த மீனை விற்கப் போன நேரம், கிழிந்த வலையைக் கொண்டுவந்து குச்சுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"பாப்பா, வலிக்குதா?"

எங்கள் ஊரில் எந்த அப்பனும் கேட்காத கேள்வி. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தும், "வலிக்குதுப்பா" என்றேன். எழுந்து போனவர் சோடா பாட்டிலில் வெந்நீர் அடைத்துத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, கையை மட்டும் பின்னால் நீட்டிக் கீற்றின் அடியில் தள்ளினார். கூடவே நாலாகக் கிழித்து மடித்த தன் வேட்டி. "பழசுதான் மெத்துன்னு இருக்கும். தொவச்சி வெயில்ல காய வச்சதுதான்" என்றார். அந்த இடத்திலேயே எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அழுவுறது வலிக்கா, பரீட்சைக்கா?"

"பரீட்சைக்குப்பா."

"எத்தினி மணிக்கு?"

"பத்து மணிக்கு."

எழுந்து வீட்டுக்குள் போனார். சற்றைக்கெல்லாம் கணக்குப் புத்தகம் கீற்றுக்கு அடியில் வந்து சேர்ந்தது.

மறுநாள் விடிந்ததும் கொல்லையில் சண்டை. "மூஞ்சியப் பாக்கக் கூடாதுன்னுதான சொன்ன? முன்னாடி பாத்துதான மிதிக்கப் போறேன், அவ கேரியர்ல ஒக்காந்து வரட்டும்" என்றார் அப்பா.

"கையில இரும்பு இல்லாம வெளிய போவக் கூடாதுங்க! எதுனா அண்டிச்சின்னா?"

"சைக்கிள் என்ன களிமண்ணுலயா செஞ்சிருக்கு?"

அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒரு வேப்பங்கொத்தை என் சடையில் செருகி, அப்பாவின் முதுகுப் பக்கமாக என்னை நடத்திக் கொண்டுபோய்க் கேரியரில் ஏற்றினாள்.

குப்பம் முழுக்க வேடிக்கை பார்த்தது. அப்பாவோடு ஒரே மரத்தில் போகிறவர் வழியை மறிக்காத குறையாகக் கத்தினார்: "குச்சுல இருக்குற புள்ளய ஊர்கோலமா கூட்டிட்டுப் போற? இனிமே நம்ம மரத்துல கால வச்சிராத மச்சான்!" அப்பா பெல்லை மட்டும் அடித்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் எனக்கு உயிர் போய் வந்தது. பாவாடையில் பட்டுவிட்டதோ, யாராவது பார்த்துவிட்டார்களோ என்று நெளிந்துகொண்டே பாலத்தைத் தாண்டினேன்.

பள்ளிக்கூட வாசலில் டீச்சர் நின்றிருந்தார். கடலில் காற்றுக்கு அஞ்சாத அப்பா, அந்த டீச்சரம்மாவின் முன்னால் துண்டைக் கசக்கிக்கொண்டே சொன்னார்: "புள்ள ஒக்காந்துருச்சுங்க டீச்சர். நடுவுல எதுனா அவசரம்னா கொஞ்சம் வெளிய விடுங்க." பிறகு எதிர்ச்சாரி மரத்தடிக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். பின்னால் கட்டிய கைகளில் ஒரு மஞ்சள்பை. அதில் மாற்றுப் பாவாடையும் மீதி வேட்டித் துண்டும்.

பாதிப் பரீட்சையில் பயந்தது நடந்தது. டீச்சர் விட, ஓடிவந்து அவர் கையிலிருந்த பையைத் தொட்டேன். விரல்கள் விட்டுக்கொடுத்தன. "போ போ, நேரமாவுது" என்றார், தெருவைப் பார்த்தபடி.

மூன்று பரீட்சைக்கும் அப்படியே வந்து அப்படியே நின்றார். பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றி என்னைக் கூடத்தில் உட்கார வைத்தபோதுதான் என்னை நேராகப் பார்த்தார். "கறுத்துப் போயிட்டியே பாப்பா" என்றதோடு சரி. கூட்டாளி சொன்னபடியே அவரை மரத்தில் யாரும் ஏற்றவில்லை. மாதக் கணக்கில் காலையில் கரைக்குப் போய், மற்றவர்கள் மரம் தள்ளுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நான் பாஸ் செய்தேன், மேலே படித்தேன், அரசு வேலைக்கும் போனேன்.

இப்போது குப்பத்தில் யாரும் குச்சு கட்டுவதில்லை, சடங்கு இப்போது மண்டபமும் பேனருமாகிவிட்டது. கட்டுமரங்கள் போய் ஃபைபர் படகு வந்தாயிற்று. அந்தச் சைக்கிள் பழைய இரும்போடு போனது. அப்பாவும் போய்விட்டார். நான் மட்டும் இன்னும் ஓர் இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார முடியாதவளாக அலைகிறேன்.

அப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது முதுகுதான்: வியர்வையில் ஒட்டிய சட்டையும் பின்னால் கட்டிய கையில் மஞ்சள்பையும். மரத்தில் இனி இடமில்லை என்று தெரிந்தபின் பள்ளிக்கூடத்துக்கு எதிரே நின்றவரின் முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. பையைத் தொட்ட கையால் தோளையும் தொட்டு அவரைத் திருப்பியிருக்கலாம். அத்தனையையும் எனக்காக மீறியவர்தானே, அதற்கா கோபித்துக்கொண்டிருப்பார்!