மீன் சந்தையில் பழகிய ஆங்கிலம்

குவாங் பெய்ரு மூன்று வருடம் எனக்குப் பக்கத்து இருக்கை. அவள் அம்மா எங்கள் தென்சீன ஊரான ஜான்ஜியாங்கின் மீன் சந்தையில் இறால் கூவி விற்பவர். மகளோ 'உள்ளேன்' என்று சொன்ன பிறகும் ஆசிரியர் ஆப்சென்ட் போட்டுவிடுவார், அவ்வளவு சன்னக் குரல். எழுத்துத் தேர்வில் மட்டும் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். அந்த எரிச்சல் எனக்கு உண்டு, மறைப்பானேன்.

பள்ளியின் கடைசி வருடம், கல்லூரி நுழைவுத் தேர்வின் ஒரு பகுதியாக ஆங்கிலப் பேச்சுத் தேர்வு வந்தது; அதற்கு இருபது மதிப்பெண். ஆளுக்கொரு கணினி, காதில் ஹெட்போன், வாயருகே மைக். ஒரு கதையைக் கேட்டுவிட்டு, மணி அடித்ததும் அறையில் இருக்கும் முப்பது பேரும் ஒரே நேரத்தில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மாதிரித் தேர்வில் பெய்ரு கதையைச் சரியாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் மைக்கில் பதிவானது என் குரல். அவளுக்குப் பூஜ்யம்.

நிஜத் தேர்விலும் இப்படி அந்த இருபது மதிப்பெண் போனால் அவள் ஆசைப்பட்ட ஆசிரியர் கல்லூரியும் போய்விடும். கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வந்தாள்.

"எங்கயாவது கூட்டத்துல நின்னு கத்திப் பழகுடி," என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். அவள் அந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவின் கடையில் போய் நின்றுவிட்டாள்.

வேடிக்கை பார்க்க நானும் போனேன். இறால் தொட்டிக்குப் பின்னால் நின்று ஒரு கதையை ஆங்கிலத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கடை நண்டுக்கார அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டி, அந்தக் கதையில யாராவது செத்துட்டாங்களா?"

"இல்ல அத்தை, ஒரு நாய் காணாமப் போச்சு."

"அப்ப நாயைத் தேடுற மாதிரி கத்து! இப்படிக் கூப்பிட்டா எந்த நாய் வரும்?"

சந்தையே சிரித்தது. அவள் அம்மா வேறு, வேண்டுமென்றே மகளின் காதருகே வந்து இறால் விலையைக் கூவினார். பெய்ருவுக்கு ரோஷம் வந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அந்த நாய் பதினைந்து தடவை கிடைத்துவிட்டது. அதன் பிறகு ஒரு ஞாயிறுகூட அவள் தவறவில்லை.

தேர்வு நாளும் வந்தது. மணி அடித்தது. நான் இரண்டு வாக்கியம் சொல்லியிருப்பேன், பக்கத்தில் பெய்ரு ஆரம்பித்தாள். அம்மாடி! என் கதை எனக்கே மறந்துபோனது. வேறு வழியில்லாமல் அவள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, பின்னாலேயே ஓடி ஒப்பேற்றினேன். கடைசியில் அவரவர் பதிவை அவரவர் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். பெய்ரு ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடிக் கேட்டாள்.

வாசலில் அவள் அம்மா கடையைக்கூட மூடிவிட்டு, ரப்பர் பூட்ஸோடு நின்றிருந்தார். தேர்வு நடக்கும் இடமாயிற்றே என்ற பயத்தில் அவருக்குக் குரலே எழும்பவில்லை.

"மெஷின்ல... பதிவாச்சாடி?"

"ஆச்சும்மா!" பெய்ரு போட்ட சத்தத்தில் காவலாளி திரும்பிப் பார்த்தார். "எல்லாம் நான்தாம்மா! முழுக்க என் குரல்தான்!"

அந்த அம்மாள் நடுத்தெருவிலேயே அழுதுவிட்டார். என் மதிப்பெண் என்ன ஆகுமோ என்ற கவலையை மறந்து நானும் அழுதேன்.